சொந்த மரம், அரசின் அனுமதி: சித்தூரும் திருப்பதியும் எழுப்பும் கேள்வி

புது தில்லி:

வீட்டு முற்றத்தில் தானே நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தின் ஒரு கிளையைக் கழிப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குத் தில்லியில் ஒரு பதில். திருத்தணியில் ஒரு பதில். மாநில எல்லையைத் தாண்டியவுடன் வரும் நகரியில் வேறொரு பதில். மரத்தைக் காக்க வேண்டும் என்பதில் எந்த அரசுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், மரத்தை வளர்த்தவரை எப்படி நடத்துவது என்பதில் மத்திய அரசும், மாநில அரசுகளும், நீதிமன்றங்களும் வெவ்வேறு திசைகளில் சென்றுகொண்டிருக்கின்றன.

2025-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் இதைத் தெளிவாக்கின. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட பகுதியில், மதுரா - பிருந்தாவன் அருகே தனியார் நிலத்தில் அனுமதியின்றி 454 மரங்களை வெட்டிய வழக்கில், மரம் ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதம் விதிப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெருமளவில் மரங்களை வெட்டுவது மனிதரைக் கொல்வதைவிடக் கொடியது என்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய அமர்வு கருத்துத் தெரிவித்தது. அப்பகுதியின் தனியார் நிலங்களில் மரம் வெட்டுவதற்கு 2019-இல் அளிக்கப்பட்டிருந்த விலக்கையும் அந்த அமர்வு திரும்பப் பெற்றுக்கொண்டது.

அடுத்த மூன்று மாதங்களுக்குள், ஜூனில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பி வைத்தது. அதன் நோக்கம் நேர் எதிரானது. மரம் வளர்ப்பவருக்கு உள்ள தடைகளைக் குறைக்க வேண்டும். அனுமதியை எளிதாக்க வேண்டும் என்பதே அது. ஒருபுறம் கடுமை, மறுபுறம் தளர்வு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர், ஒன்றிரண்டு மரங்களுக்கு மட்டுமே சொந்தக்காரரான சாதாரண வீட்டுக்காரர். அவருடைய சங்கடத்தைப் புரிந்துகொள்ள, ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

'வால்டா' என்ன சொல்கிறது?

1911-இல் தனி மாவட்டமாக உருவாகும் வரை சித்தூரின் பெரும்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லையின் இருபுறமும் மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான். முற்றத்தில் நிற்கும் வேம்பும் புளியும் மாவும் ஒன்றுதான். சட்டம் மட்டும் வேறு.

தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், பெயருக்கேற்ப மலைப்பகுதிகளுக்கு மட்டுமே உரியது. சந்தனம் போன்ற சில மரங்களுக்குத் தனி விதிகள் உள்ளன. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

ஆந்திரம் வேறு வழியில் சென்றது. நிலத்தடி நீர் கடுமையாகச் சரிந்துகொண்டிருந்த காலத்தில், நீர், நிலம், மரங்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் பாதுகாக்கும் சட்டம் 2002-இல் அங்கு இயற்றப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு மக்கள் அதை 'வால்டா' என்று அழைக்கின்றனர். ஆழ்துளைக் கிணறு தோண்டுவதையும் மணல் அள்ளுவதையும் கட்டுப்படுத்தும் அதே சட்டம்தான், தனியார் நிலத்தில் மரம் வெட்டுவதற்கும் நியமிக்கப்பட்ட அலுவலரின் முன் அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. வெட்டியவர் மாற்று மரம் நட வேண்டும் என்றும், கட்டட வளாகங்களில் மரம் வளர்க்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

மரத்தையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை இந்தியாவில் முதலில் ஏற்றுக்கொண்ட சட்டங்களில் 'வால்டா'வும் ஒன்று என்ற வகையில் அது பாராட்டுக்குரியதே. மழை குறைந்த, பாறை நிலம் மிகுந்த ராயலசீமையில் அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால், சட்டம் மனதில் கொண்டது தோப்புகளையும் மரக்கடைகளையும். வந்து சிக்கிக்கொண்டவர்களில் வீட்டுக்காரரும் ஒருவர்.

சிக்கல் தொடங்குவது கிளையில்

மரத்தை அடியோடு வெட்டுவது எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கிளை கழிப்பது எதுவரை பராமரிப்பு, எதிலிருந்து வெட்டு என்பதில்தான் குழப்பம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு கூரைமேல் சாய்ந்த கிளையைக் கழிப்பது தென்னிந்திய வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். 2021 நவம்பரில் திருப்பதியையும் சித்தூரையும் உலுக்கிய பெருமழையைக் கண்டவர்களுக்கு அதன் அவசியத்தை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. மாந்தோப்புகள் நிறைந்த சித்தூரில், அறுவடை முடிந்ததும் கவாத்து செய்வது விவசாயத்தின் ஒரு பகுதி. கவாத்து செய்வது காய்ப்புக்கு உதவும் என்பது அங்குள்ள விவசாயிகள் அறிந்த உண்மை.

இந்த நிலையில் ஒரே மரத்தின் மீது பல அதிகாரங்கள் குறுக்கிடுகின்றன. தெருவின் மேல் நீண்டு, வழிப்போக்கர்களுக்கு ஆபத்தாக இருக்கும் கிளையை அகற்றுமாறு வீட்டுக்காரருக்கு உத்தரவிடும் அதிகாரம் நகராட்சிகளுக்கு நெடுநாளாக உண்டு. திருப்பதி 2007-இலும், சித்தூர் 2012-இலும் மாநகராட்சிகளாயின. அகற்று என்று மாநகராட்சி கூறினால், அனுமதி வாங்கினாயா என்று வனத்துறை கேட்கலாம். கழிக்காமல் விட்டு, கிளை முறிந்து விழுந்தால், பொறுப்பு வீட்டுக்காரரைச் சேரும். கழித்துவிட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்.

மின்கம்பியின் கதை தனி. மின் கம்பிக்கு இடையூறாக உள்ள மரத்தை அகற்ற, மின்சாரச் சட்டம் 2003-இன் 68-ஆவது பிரிவு வழி செய்கிறது. மின் நிறுவனத்தின் விண்ணப்பத்தின் பேரில் நிர்வாக நடுவரோ, அதற்கென அதிகாரம் பெற்றவரோ உத்தரவிட வேண்டும். கம்பி வருவதற்கு முன்பே அந்த மரம் அங்கு இருந்திருந்தால், அதன் உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு என்பதும் அதே பிரிவில் கூறப்பட்டுள்ளது. இந்த உரிமை பரவலாக அறியப்படவில்லை. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திர தெற்கு மின் விநியோக நிறுவனத்தின் பகுதியானாலும், தமிழகமானாலும், சட்டம் ஒன்றுதான். மின் ஊழியர்கள் ஒருபக்கமாகக் கிளைகளை வெட்டிச் சென்றபின் சாய்ந்து நிற்கும் மரங்களை எந்த ஊரிலும் காணலாம்.

தலைநகரின் பாடம்

கிளைக்கு ஓர் அளவை நிர்ணயித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். தில்லி அரசு அதைத்தான் செய்து பார்த்தது. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும், குறைந்தது ஒரு மீட்டர் உயரமும் கொண்ட எதுவும் மரமே. 2019-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், 15.7 செ.மீ. சுற்றளவு வரையுள்ள கிளைகளைத் தனி அனுமதியின்றிக் கழிக்கலாம் என அரசு அறிவித்தது. 15.7 செ.மீ. சுற்றளவு என்பது 5 செ.மீ. விட்டம். அதாவது, மரம் என்று சட்டம் வரையறுத்த பருமனையே கிளைக்கும் எல்லையாக வைத்தனர்.

விளைவு, கிளை கழித்தல் என்ற பெயரில் மரங்கள் மொட்டையடிக்கப்பட்டன என்ற புகார். 2023 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறையை ரத்து செய்தது. மரத்தை நேரில் பார்க்காமல், எந்தக் கிளையை எவ்வளவு கழிக்கலாம் என்று பொதுவாக அனுமதி வழங்குவதைச் சட்டம் ஏற்கவில்லை என்பது நீதிபதி நஜ்மி வஜீரியின் தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பின் நியாயத்தைப் புறக்கணிக்க இயலாது. கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை என்பதற்காகவும், மனையின் விலை ஏறுகிறது என்பதற்காகவும் மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லப்படுவது எல்லா நகரங்களிலும் நடக்கிறது. பக்தர் கூட்டத்தால் ஆண்டுதோறும் விடுதிகளும் வணிக வளாகங்களும் பெருகிவரும் திருப்பதி அதற்கு விலக்காக இருக்க முடியாது. கிளைக்கு வரம்பில்லாச் சுதந்திரம் கொடுத்தால் மரம் மிஞ்சாது. ஆயினும், ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அலுவலர் வந்து பார்ப்பது என்பதும் நடக்கிற காரியமல்ல. இரண்டுக்கும் இடையே வழி காண்பதுதான் அரசின் வேலை.

செம்மரம் என்ற தனி உலகம்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்த விவாதத்துக்கு வேறெங்கும் இல்லாத கூர்மையைத் தருவது செம்மரம். உலகிலேயே சேஷாசலம், வேலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் குன்றுகளில் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் அது இடம்பெற்றுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக மீண்டும் வகைப்படுத்தியது.

இந்த மரத்துக்காகச் சிந்தப்பட்ட ரத்தம் தமிழக வாசகர்களுக்குப் புதிதல்ல. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் வனப்பகுதியில் ஆந்திர அதிரடிப் படையினரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள். மரம் வெட்டப் போன கூலிகள் உயிரிழந்தனர். மரத்தை வாங்கி விற்கும் முதலாளிகள் அன்று அந்தக் காட்டில் இல்லை.

இப்படிப்பட்ட பின்னணியில், பட்டா நிலத்தில் ஒருவர் செம்மரம் வளர்த்தால் சட்டம் அவரை எப்படிப் பார்க்கும் என்பதை ஊகிக்கலாம். சந்தனம், செம்மரம் ஆகியவற்றை எடுத்துச் செல்வதற்கென்றே 1969-ஆம் ஆண்டு முதல் ஆந்திரத்தில் தனி விதிகள் உள்ளன. வெட்ட அனுமதி, எடுத்துச் செல்ல அனுமதி, அந்த மரம் காட்டிலிருந்து வந்ததல்ல என்பதற்கான ஆதாரம் என அடுக்கடுக்கான படிகளை அவர் கடக்க வேண்டும். வெட்டி அடுக்கிய பின், தோட்டத்து மரத்தையும் காட்டு மரத்தையும் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், இந்தக் கட்டுப்பாட்டைத் தேவையற்றது என்று ஒதுக்க முடியாது.

எனினும் காற்று மெல்லத் திசை மாறுகிறது. தனியார் நிலத்தில் பயிரிடப்பட்ட செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-இல் மத்திய அரசு வழி திறந்தது. 2004 முதல் செம்மர வணிகம் தொடர்பாக இந்தியா மீது நீடித்துவந்த 'சைட்டிஸ்' அமைப்பின் சிறப்பு ஆய்வு, 2023 நவம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையம், செம்மரப் பயன்பாட்டில் கிடைத்த தொகையின் ஒரு பங்கை வளர்த்தவர்களுக்கே வழங்கத் தொடங்கியுள்ளது. 2025-இல் சித்தூர், திருப்பதி, நெல்லூர், கடப்பா மாவட்டங்களைச் சேர்ந்த 198 விவசாயிகள் உள்ளிட்டோருக்காக ரூ.3 கோடியும், தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 பேருக்கு ரூ.55 லட்சமும் விடுவிக்கப்பட்டன. தொகை பெரிதல்ல. ஆனால், மரம் வளர்த்தவரைச் சந்தேகத்துக்குரியவராக மட்டுமே பார்த்த அரசு, அவரைப் பங்காளியாக ஏற்றுக்கொண்டதற்கு இது ஓர் அடையாளம்.

அரசுடைமை தந்த படிப்பினை

இந்த மாற்றத்துக்கு வலுவான காரணம் உண்டு. மைசூரில் திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்த பிறகு, யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசின் சொத்தாயிற்று. தன் நிலத்தில் சந்தனக் கன்று தலைகாட்டினால் விவசாயி அதைப் பிடுங்கி எறிந்தார். வளர்த்தால் லாபம் அரசுக்கு; திருடு போனால் தொல்லை அவருக்கு. இந்த நிலையை மாற்ற, 2001-இல் கர்நாடகமும், 2002-இல் தமிழகமும் சட்டத்தைத் திருத்தி, நிலத்தின் சொந்தக்காரரே மரத்தின் சொந்தக்காரர் என்று ஏற்றுக்கொண்டன. அதேபோல், 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் மரமாகக் கருதப்பட்டுவந்த மூங்கில், வனத்துக்கு வெளியே வளர்க்கப்படும்போது மரம் அல்ல என்று 2017-இல்தான் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

வேம்புக்கும் புளிக்கும் புங்கனுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். முப்பது ஆண்டு வளர்ந்த மரம் சுமையாகும் என்றால், அடுத்த கன்றை நட யார் முன்வருவார்? நிழல் தரும் நாட்டு மரத்துக்குப் பதிலாகச் சிக்கல் இல்லாத தொட்டிச் செடியையே வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பார். மரத்தைக் காக்க வந்த சட்டம், இப்படி நடாமல் விடப்படும் மரங்களை எந்தக் கணக்கிலும் காட்டுவதில்லை.

புதிய விதிகளில் வீட்டுக்காரர் எங்கே?

மத்திய அரசின் 2025 மாதிரி விதிகள் நல்ல முயற்சியே. நிலத்தையும் மரங்களையும் தேசிய இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 10 மரங்கள் வரை வெட்டுவதற்குப் புகைப்படங்களை ஏற்றினால் தடையின்மைச் சான்று தானாகவே கிடைக்கும். அதற்கு மேற்பட்டால் அங்கீகாரம் பெற்ற முகமை நேரில் ஆய்வு செய்யும் என்பது அதன் அமைப்பு. மரத்தை எடுத்துச் செல்வதற்கான தேசிய அனுமதிச் சீட்டு முறை 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

ஆனால், இவ்விதிகள் விவசாய நிலங்களுக்கானவை. திருப்பதி நகரத்துத் தெருவில், கால் கிரவுண்டு முற்றத்தில் ஒற்றை வேம்பை வைத்திருப்பவர் இதில் இடம்பெறவில்லை. பத்து மரம் வெட்டும் விவசாயிக்கு இணையதளத்தில் தானாகச் சான்று கிடைக்கும் நாளில், ஒரு கிளை கழிக்க வேண்டிய வீட்டுக்காரர் அலுவலகப் படியேறுவார் என்றால், அது விநோதமான நிலை. மேலும், வனம் 1976-இல் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்ட போதிலும், தனியார் மரங்கள் மீதான அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கையில்தான் உள்ளது. மத்திய அரசு மாதிரியைத்தான் தர முடியும். ஏற்பது மாநிலத்தின் விருப்பம்.

ஆகவே, செய்ய வேண்டியது ஆந்திர அரசுதான். சட்டத்தைத் தளர்த்த வேண்டியதில்லை. பிரித்துப் பார்த்தால் போதும். வழக்கமான கவாத்தும், மழைக்கு முந்தைய கிளை கழிப்பும் ஒரு வகை. இதற்குத் தகவல் தெரிவித்தால் போதும் என்று வைத்து, மரத்தின் மொத்தத் தழையில் எவ்வளவு கழிக்கலாம் என்பதற்குத் தெளிவான வரம்பு விதிக்கலாம். தில்லி செய்த தவறு, கிளையின் பருமனை அளந்துவிட்டு, மரம் முழுவதும் என்ன ஆகிறது என்பதைப் பார்க்காமல் விட்டதுதான். உயிருக்கும் வீட்டுக்கும் உடனடி ஆபத்தாக உள்ள மரம் இரண்டாவது வகை. முதலில் அகற்றி, புகைப்படத்துடன் பின்னர் தெரிவிக்க வகை செய்ய வேண்டும். பொய் சொன்னவருக்குக் கடும் தண்டனை இருக்கட்டும். நலமாக உள்ள முதிர்ந்த மரத்தை அடியோடு வெட்டுவது மூன்றாவது வகை. அதற்கு இன்றைய கண்டிப்பு தொடர வேண்டும். ஆனால், குறிப்பிட்ட நாளுக்குள், காரணம் கூறும் எழுத்துப்பூர்வமான பதில் வர வேண்டும். செம்மரம் எப்போதும் தனி வகைதான். நடும்போதே பதிவு செய்யும் பழக்கம் பரவினால், வெட்டும்போது சந்தேகத்துக்கு இடம் குறையும்.

இவை அனைத்துக்கும் மேலாக, மாநகராட்சி, வனத்துறை, மின் நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் வீட்டுக்காரர் ஒரே விண்ணப்பம் கொடுத்தால் போதும் என்ற நிலை வர வேண்டும். மூன்று துறைகளுக்கும் இடையிலுள்ள குழப்பத்தின் விலையை அவர் கொடுக்க வேண்டியதில்லை.

தமிழகமும் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மரங்களின் பரப்பைப் பெருக்க விரும்பும் அரசு, தனியார் மரங்களுக்கு இன்றில்லாவிட்டாலும் நாளை ஒரு விரிவான சட்டத்தைக் கொண்டுவந்தே தீரும். அப்போது எல்லைக்கு அப்பால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ள 'வால்டா'வின் அனுபவம் கைகொடுக்கும். பெரிய மரவணிகரைக் கட்டுப்படுத்துவதற்கான விதியையே முற்றத்து வேம்புக்கும் பொருத்தினால் என்ன நேரும் என்பதை அறிய, அதிகாரிகள் தில்லிக்கு வர வேண்டியதில்லை. திருத்தணியிலிருந்து நகரி வரை போய்வந்தால் போதும்.